சிறு தீவுகளின் மண்: சேம்பும் பூனைக்காலியும் சொல்லும் பாடம்

மாலைதீவு என்றதும் எமது வீடுகளில் மாசி நினைவுக்கு வரும். உல்லாசப் பயணிகளுக்கு நீலக் கடலும் வெண்மணலும் நினைவுக்கு வரும். அங்கே மண்ணைக் கொத்தி, பாத்தி கட்டி, தண்ணீர் இறைத்துப் பயிர் செய்பவர்களும் இருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. பசுபிக் சமுத்திரத்திலுள்ள சமோவா, பிஜி போன்ற தீவுகள் எமது புவியியல் வரைபடத்தில் சில புள்ளிகள் மட்டுமே. ஆனால் அந்தப் புள்ளிகளிலும் மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுக்கும் மூன்று வேளைச் சாப்பாடு தேவை.

பெரிய நாடொன்றில் ஒரு மாவட்டத்தின் மண் கெட்டுப்போனால் இன்னொரு மாவட்டம் சோறு போடும். சிறு தீவில் அப்படியில்லை. மண் கெட்டால் ஒதுங்கிப்போக வேறு மண் கிடையாது; நாலு பக்கமும் கடல். ஆகவேதான் சிறு தீவுகளின் விவசாயம் பற்றிப் பேசும்போதெல்லாம் 'பங்காண்மை' என்ற சொல்லும் கூடவே வருகிறது. அரசாங்கம், ஆராய்ச்சி நிலையம், பல்கலைக்கழகம், வெளிநாட்டு நிதி நிறுவனம், விவசாயிகள் சங்கம் எல்லோரும் சேர்ந்து மண்ணைக் காப்பது என்பதே அதன் பொருள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லாப் பங்காண்மையும் பலன் தருவதில்லை. எது பலன் தருகிறது, ஏன் தருகிறது என்பதைச் சில தீவுகளின் அனுபவத்தைக் கொண்டு பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிறு தீவு நாடுகள் எவை?

1992 ஆம் ஆண்டு பிரேசிலின் ரியோ டி ஜெனீரோ நகரில் நடைபெற்ற புவி உச்சி மாநாட்டில், வளர்முக சிறு தீவு நாடுகள் தனியான பிரச்சினைகளைக் கொண்ட ஒரு பிரிவு என்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. பசுபிக், கரீபியன், இந்து சமுத்திரம் ஆகிய பகுதிகளில் இவை பரந்து கிடக்கின்றன. எமது அயல்நாடான மாலைதீவும், மொரிசியஸ், சீஷெல்ஸ், கொமொரோஸ் ஆகியனவும் இப்பிரிவில் அடங்கும். இலங்கை தீவாக இருந்தபோதும் இப்பட்டியலில் இல்லை.

இந்நாடுகளின் பொதுவான நிலை மூன்று விடயங்களில் அடங்கும். நிலப்பரப்பு குறைவு. சந்தை தூரம். சூறாவளி, கடல்மட்ட உயர்வு போன்ற இடர்கள் வந்தால் முழு நாடும் ஒரே நேரத்தில் பாதிக்கப்படும். இக்காரணங்களால் பல தீவுகள் தமது உணவின் பெரும்பகுதியைக் கப்பலில் இறக்குமதி செய்கின்றன. கப்பல் வர ஒரு வாரம் தாமதித்தால் கடைகளில் காய்கறித் தட்டுகள் வெறுமையாகிவிடும். ஆகையால் தமது மண்ணில் எதையாவது விளைவிப்பது அவர்களுக்குப் பொழுதுபோக்கு அல்ல, பாதுகாப்பு.

முருகைக்கல் மண்ணும் நன்னீர் வில்லையும்

தீவு மண் எல்லாம் ஒன்றல்ல. எரிமலையால் உண்டான உயர்ந்த தீவுகளின் மண் செழிப்பானது. முருகைக்கல் தீவுகளின் மண் மிகவும் வறியது. இரண்டாவது வகைக்கு மாலைதீவு சிறந்த உதாரணம்.

மாலைதீவில் ஏறத்தாழ 1,190 தீவுகள் உள்ளன. அவற்றின் மொத்த நிலப்பரப்பு ஏறத்தாழ 300 சதுர கிலோமீற்றர் மட்டுமே. அதாவது எமது கொழும்பு மாவட்டத்தின் பாதிக்கும் குறைவு. மக்கள் வாழ்வது 200 இற்கும் குறைவான தீவுகளில்தான். தீவுகளில் பெரும்பாலானவை கடல்மட்டத்திலிருந்து ஒரு மீற்றர் உயரம்கூட இல்லாதவை.

அங்குள்ள மண் முருகைக்கற்கள் உடைந்து உண்டான மணல். அதன் பெரும்பகுதி கல்சியம் காபனேற்று. எனவே மண் காரத்தன்மை கொண்டது. காரமண்ணில் இரும்பு, மங்கனீசு, நாகம் போன்ற மூலகங்கள் இருந்தாலும் அவை கரையாத நிலையில் இருப்பதால் வேரால் உறிஞ்ச முடிவதில்லை. இலை மஞ்சளாகிவிடும். மணலின் துளைகள் பெரியவை என்பதால் ஊற்றிய நீரும் இட்ட பசளையும் விரைவாகக் கீழே இறங்கிவிடும். மேலே உக்கிய இலைகுழைகளால் உண்டான மெல்லிய கருநிறப் படை ஒன்று மட்டுமே பயிருக்கு ஆதாரம். அந்தச் சேதனப் படையை இழந்தால் எஞ்சுவது கடற்கரை மணல்தான்.

மண்ணுக்குக் கீழே இன்னொரு அதிசயம் உண்டு. மழைநீர் கீழிறங்கி, உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நடுவில் தடிப்பாகவும் ஓரங்களில் மெல்லியதாகவும் இருப்பதால் இதனை நன்னீர் வில்லை என்பர். நன்னீரின் அடர்த்தி 1.000 எனவும் கடல்நீரின் அடர்த்தி 1.025 எனவும் கொண்டால், கடல்மட்டத்துக்கு மேலே ஒரு பங்கு நன்னீர் நிற்கும்போது கீழே ஏறத்தாழ 40 பங்கு நன்னீர் நிற்கும். இதையே மறுபுறமாக யோசித்துப் பாருங்கள். அளவுக்கு மிஞ்சி இறைத்து நீர்மட்டத்தை 10 சென்ரிமீற்றர் தாழ்த்தினால், அந்த நிலை நீடிக்கும்போது கீழேயுள்ள உவர்நீர் கணக்கின்படி 400 சென்ரிமீற்றர் மேலே ஏறும். கிணற்றில் ஒரு சாண் இறங்கியதைத்தான் கண் காணும்; அடியில் நடப்பதைக் கண் காணாது.

2004 டிசம்பர் 26 இல் எமது கரைகளைத் தாக்கிய அதே ஆழிப்பேரலை மாலைதீவின் பல தீவுகளுக்கு மேலாகவே கடந்து சென்றது. மரங்களும் பயிர்களும் உவர்நீரில் கருகின. கிணறுகள் உவர்த்தன. எமது கிழக்குக் கரையில் கிணறு இறைத்த அனுபவமுள்ள பெற்றோருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இத்தனை தடைகளுக்கு மத்தியிலும் வட அரி அத்தோலிலுள்ள தொட்டு என்ற தீவு விவசாயத்துக்குப் பெயர்பெற்றது. றமழானில் நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாலைதீவு வீடுகளுக்கு வரும் வத்தகப்பழங்களில் பெரும்பங்கு அத்தீவில் விளைந்தவை. நோன்பு மாதத்தைக் கணக்கிட்டே அங்கு விதை ஊன்றுகிறார்கள். சந்தை நன்றாக இருக்கும்போது எல்லோரும் கூடுதலாக நடுவார்கள், கூடுதலாக இறைப்பார்கள், கூடுதலாகப் பசளை போடுவார்கள். வில்லையோ எல்லோருக்கும் பொதுவானது. ஒருவர் அளவாக இறைத்து மற்றவர் அளவின்றி இறைத்தால் இருவர் கிணறும் சேர்ந்தே உவர்க்கும். ஆகவே இங்கே முதலாவது பங்காண்மை வெளிநாட்டோடு அல்ல; பக்கத்து வேலிக்காரரோடு.

தென்பகுதியிலுள்ள புவக்முலா தீவில் ஈரநிலங்களில் சேம்பு பயிரிடுகிறார்கள். திவேஹி மொழியில் இதனை 'அல' என்பர். சிங்களத்தில் கிழங்குக்கு 'அல' என்று சொல்வதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். இந்தச் சேம்புதான் பசுபிக் தீவுகளின் சோறு. அங்கே அதற்கு நேர்ந்த கதை, தனியொரு தீவு தன் மண்ணையும் பயிரையும் காக்க ஏன் மற்றவர்களோடு சேரவேண்டும் என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது.

சமோவாவின் ஒரே வகைச் சேம்பு

சமோவா எரிமலைத் தீவுகளைக் கொண்ட நாடு. உபொலு, சவாயி என்பன அதன் பெருந்தீவுகள். அங்கே சேம்பங்கிழங்கு இல்லாத விருந்து இல்லை. இளம் இலைகளைத் தேங்காய்ப்பாலுடன் சேர்த்துச் சூடான கற்களில் வேகவைத்து 'பலுசாமி' என்ற உணவைச் செய்கிறார்கள். நியூசிலாந்தில் குடியேறிய சமோவா மக்களும் ஊர்க்கிழங்கையே விரும்பியதால் சேம்பு நாட்டின் முதன்மையான ஏற்றுமதியாகவும் வளர்ந்தது.

1990 பெப்ரவரியில் ஓபா என்ற சூறாவளியும், 1991 டிசம்பரில் வால் என்ற சூறாவளியும் சமோவாவைத் தாக்கின. அழிந்த தோட்டங்களை மீண்டும் நட்டபோது விவசாயிகள் பெரும்பாலும் 'நியுவே' என்ற ஒரே வகையையே நட்டார்கள். ஏற்றுமதியாளர் கேட்டதும் அதுதான்; சுவையும் நல்லது. யார் குற்றம் என்று சொல்ல முடியாது. நாமாக இருந்தாலும் விலை போகும் வகையைத்தான் நட்டிருப்போம்.

1993 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் உபொலு தீவில் இலைக்கருகல் நோய் காணப்பட்டது. இதனை உண்டாக்குவது பங்கசை ஒத்த ஒரு நுண்ணங்கி. 1845 இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பெரும் பஞ்சத்துக்குக் காரணமான நுண்ணங்கியின் இனமே இது. மழைத்துளி தெறிப்பதனாலும் இரவு ஈரத்தினாலும் இலையிலிருந்து இலைக்குப் பரவும். சாதாரணமாக ஏறத்தாழ 40 நாள் பச்சையாக நிற்கும் இலை 20 நாளுக்குள் கருகிவிடும். இலை இல்லாவிட்டால் கிழங்கு பருக்காது. நாடு முழுவதும் ஒரே வகை நின்றதால் நோய்க்குத் தடையாக ஒரு செடியும் இருக்கவில்லை.

1993 இல் ஏறத்தாழ 35 இலட்சம் அமெரிக்க டொலர் ஈட்டித்தந்த சேம்பு ஏற்றுமதி, 1994 இல் 60,000 டொலருக்கும் கீழே போனது. ஒரே வருடத்தில் நாட்டின் முதன்மை ஏற்றுமதி இல்லாமல் போய்விட்டது.

சேர்ந்து தேடிய நடுகை

மருந்து தெளித்துப் பார்த்தார்கள். மழை அதிகமான நாட்டில் தெளித்தது கழுவுண்டு போனது, செலவும் தாங்கவில்லை. நோயைத் தாங்கும் வகை வேண்டும். அது சமோவாவில் இல்லை. இங்கேதான் பங்காண்மை தேவைப்பட்டது.

பலாவு, மைக்குரோனேசியா, பிலிப்பைன்ஸ் ஆகிய இடங்களில் நோயைத் தாங்கும் சேம்பு வகைகள் இருந்தன. தென் பசுபிக் பல்கலைக்கழகத்தின் அலபுவா வளாகம் உபொலு தீவிலேயே உள்ளது. அங்கே இவ்வகைகளை உள்ளூர் வகைகளோடு கலப்புப் பிறப்பாக்கம் செய்யத் தொடங்கினர். 1998 இல் அவுஸ்திரேலிய அரசின் நிதியுடன் பசுபிக் சேம்புகளைச் சேகரித்துக் காக்கும் திட்டமொன்று ஆரம்பமானது. பசுபிக் சமூகம் என்ற பிராந்திய அமைப்பு பிஜியின் தலைநகர் சுவாவில் பயிர் மூலவள நிலையமொன்றை நிறுவியது. இழைய வளர்ப்பு முறையில் கண்ணாடிக் குழாய்களில் நாற்றுகளைக் காக்கும் அந்நிலையத்தில் இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட சேம்பு வகைகள் உள்ளன. எந்தத் தீவுக்கு நோய் வந்தாலும் அங்கிருந்து நோயற்ற நாற்று அனுப்பலாம். யூசுப் நபி (அலை) அவர்கள் பஞ்ச காலத்துக்காகத் தானியத்தைச் சேமிக்கச் செய்த வரலாறு நாம் அறிந்ததே. பல தீவுகள் சேர்ந்து வைத்த ஒரு களஞ்சியமாக இதனைக் கருதலாம்.

ஆனால் இக்கதையின் முக்கியமான பகுதி ஆய்வுகூடத்தில் நடக்கவில்லை. 1999 இல் சமோவாவில் விவசாயிகளும் ஆய்வாளர்களும் சேர்ந்த சேம்பு மேம்பாட்டுத் திட்டமொன்று தொடங்கியது. கலப்பினால் கிடைத்த கன்றுகளை விவசாயிகள் தமது தோட்டங்களுக்கே கொண்டுசென்று நட்டார்கள். ஒழுங்காகக் கூடிப் பேசினார்கள். எந்தச் செடியின் இலை கருகுகிறது, எது பக்கக்கன்று கூட வைக்கிறது, எது அவித்தால் மாவாக இருக்கிறது, எது வாயில் அரிக்கிறது என்று அவர்களே புள்ளியிட்டார்கள். ஆய்வாளர் நோயைப் பார்ப்பார். விவசாயி சந்தையையும் சட்டியையும் சேர்த்துப் பார்ப்பார். நோயைத் தாங்கினாலும் சுவையற்ற கிழங்கை எவரும் நடமாட்டார்கள். அப்படி ஒதுக்கப்பட்டவையும் உண்டு.

தெரிவுசெய்தவற்றை மீண்டும் கலந்து, மீண்டும் நட்டு, மீண்டும் சுவைத்தார்கள். 2010 ஆம் ஆண்டளவில் சமோவாவின் சேம்பு மீண்டும் நியூசிலாந்துக்குக் கப்பலேறத் தொடங்கியது. நோய் வந்து ஏறத்தாழ 17 வருடங்கள். அதாவது இந்த இதழை வாசிக்கும் என் வகுப்புத் தோழி ஒருத்தியின் முழு வயது.

ஒரு தீவின் நட்டம், இன்னொரு தீவின் சுமை

சமோவாவின் சேம்பு நின்றபோது நியூசிலாந்து, அவுஸ்திரேலியா நாடுகளிலுள்ள பசுபிக் மக்களுக்குக் கிழங்கு அனுப்பியது யார்? பிஜியின் தவெயூனி தீவு. இது பிஜியின் மூன்றாவது பெரிய தீவு. பரப்பு ஏறத்தாழ 435 சதுர கிலோமீற்றர். எரிமலை மண்ணின் செழிப்பால் 'தோட்டத் தீவு' என்றே அழைக்கப்படுவது. 'தவுசாலா நி சமோவா' என்ற சேம்பு வகையை நட்டுத் தவெயூனி விவசாயிகள் அந்தச் சந்தையைப் பிடித்தார்கள். பலர் வீடு கட்டினார்கள், பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். இதில் தவறேதும் இல்லை.

தவறு மண்ணுக்கு ஓய்வு கொடுக்காததில் இருந்தது. முன்னர் ஒரு துண்டு நிலத்தில் சில போகம் செய்தபின் அதனைச் சில வருடங்கள் தரிசாக விடுவார்கள். காடு பிடித்து, இலை விழுந்து, மண் தேறும். சந்தை பெருகியதும் தரிசு குறைந்தது. ஒரே நிலத்தில் சேம்பின் பின் சேம்பு. சேதனப் பொருள் குறைந்தது. கிழங்கு சிறுத்தது. கூடுதல் பசளை போட்டார்கள். செலவு ஏறியது, விளைச்சல் ஏறவில்லை. பிறகு என்ன செய்வது? மலைச்சரிவில் காட்டை வெட்டிப் புதிய மண்ணைத் தேடினார்கள். சரிவில் மழைபெய்தால் மேல்மண் கீழே ஓடும். ஓடும் மண் கடைசியில் சேர்வது முருகைக்கற்பாறைகளின் மேல்.

இவ்வாறு சமோவாவின் இலைநோய் தவெயூனியின் மண்நோயாக மாறியது. உலகச் சந்தையில் ஒரு தீவின் வெற்றிடத்தை இன்னொரு தீவு நிரப்பும்போது, அதன் விலையில் மண்ணின் விலை சேர்க்கப்படுவதில்லை.

பூனைக்காலி என்ற பங்காளி

தவெயூனி விவசாயிகள் 'தெய்தெய் தவெயூனி' என்ற தமது சங்கத்தை அமைத்தார்கள். 'தெய்தெய்' என்றால் பிஜி மொழியில் தோட்டம். இச்சங்கம், பிஜியின் விவசாய அமைச்சு, பசுபிக் சமூகம், அவுஸ்திரேலியாவின் சர்வதேச விவசாய ஆராய்ச்சி நிலையம் ஆகியன சேர்ந்து மண்வளம் பற்றிய ஆய்வைச் செய்தன. ஆய்வுத் துண்டுகள் விவசாயிகளின் நிலங்களிலேயே இருந்தன.

அவர்கள் கண்ட தீர்வுகளில் முக்கியமானது ஒரு கொடி. எமது நாட்டிலும் வேலியோரங்களில் வளரும் பூனைக்காலிதான் அது. காட்டுப் பூனைக்காலியின் நெற்றிலுள்ள மயிர் உடம்பில் பட்டால் அரிக்கும். பயிர்நிலத்தில் விதைப்பது அரிக்காத வகை. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் இதன் வேர்முடிச்சுகளில் வாழும் பற்றீரியாக்கள் வளியிலுள்ள நைதரசனை மண்ணில் சேர்க்கின்றன. கொடி நிலத்தை முழுவதும் மூடிக்கொள்வதால் களை முளைக்காது. மழைத்துளி நேரே மண்ணில் விழாது. ஆறு மாதம் கழித்துக் கொடியை அழித்து அப்படியே நிலத்தில் மூடாக்காகக் கிடக்கவிட்டு, அதன் நடுவே குழிதோண்டிச் சேம்பு நடுவார்கள். உக்கும் இலை மண்புழுவுக்கு உணவு. மண்புழு மண்ணுக்கு உழவன். முன்னர் சில வருடத் தரிசு செய்த வேலையின் ஒரு பகுதியை ஆறு மாதத்தில் இக்கொடி செய்துவிடுகிறது.

இவ்வளவு நல்லதென்றால் எல்லோரும் உடனே செய்திருக்க வேண்டுமே என்று கேட்கலாம். ஆறு மாதம் பூனைக்காலி நிற்கும் நிலத்தில் ஆறு மாதம் வருமானம் இல்லை. சொந்தமாகப் பல ஏக்கர் உள்ளவர் ஒரு பகுதியை விட்டுவைக்கலாம். ஒரே துண்டு நிலத்தை வைத்துப் பிள்ளைக்குப் பாடசாலைப் பணம் கட்டுபவர் என்ன செய்வார்? குறுகிய காலக் குத்தகைக்கு எடுத்தவர், நாளை இன்னொருவர் கைக்குப் போகும் மண்ணுக்காக இன்று ஏன் பட்டினி இருக்க வேண்டும்? இவை அறியாமையால் எழும் கேள்விகள் அல்ல. கணக்குத் தெரிந்தவர்களின் கேள்விகள். விவசாயிகள் சங்கம் பங்காளியாக உள்ள இடத்தில்தான் இக்கேள்விகள் மேசைக்கு வரும். நிலத்தை மூன்று நான்கு துண்டாகப் பிரித்து மாறிமாறி ஓய்வு கொடுப்பது, முதலில் ஒரு சிறு துண்டில் செய்து அயலவருக்குக் காட்டுவது போன்ற வழிகள் இப்படிப்பட்ட பேச்சிலிருந்தே பிறக்கின்றன. கட்டளையிலிருந்து பிறப்பதில்லை.

எமது தீவின் நினைவுகள்

இதெல்லாம் தூரதேசத்துக் கதை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. எமது நாடு ஒருகாலத்தில் உலகில் கோப்பி உற்பத்தியில் முன்னணியில் நின்றது. 1869 இல் இலைத்துரு நோய் என்ற பங்கசு நோய் தோன்றியது. மலைகள் நிறைய ஒரே பயிர் நின்றதால் இரண்டு தசாப்தங்களுக்குள் கோப்பித் தோட்டங்கள் ஏறத்தாழ முழுமையாக அழிந்தன. இன்று நாம் தேயிலை நாடு என்று அழைக்கப்படுவதற்கு அந்த நோயும் ஒரு காரணம். சமோவாவின் நியுவே சேம்பும் இலங்கைக் கோப்பியும் ஒரே பாடத்தின் இரண்டு பக்கங்கள்.

மற்ற நினைவு அண்மையது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்டது. சேதனப் பசளைக்கு மாறுவது நல்ல நோக்கம்தான். ஆனால் அதற்குத் தேவையான அளவு சேதனப் பசளை நாட்டில் இருக்கவில்லை. விவசாயிகள் தம் வயலில் சிறிதாகச் செய்து பார்க்கக் காலமும் கொடுக்கப்படவில்லை. அவ்வருட நவம்பரில் தடை தளர்த்தப்பட்டபோதும், 2021/22 பெரும்போக நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. எங்கள் ஊர் வயற்கண்டத்தில் கதிர் வந்த பயிர் முழங்கால் உயரத்திலேயே மஞ்சளாக நின்றதை நாங்கள் கண்டோம். தவெயூனியிலும் நோக்கம் மண்ணைக் காப்பதுதான். அங்கே விவசாயி முதலில் ஒரு துண்டில் செய்து பார்த்தார், பிறகு நம்பினார். இங்கே முதலில் முழு நாட்டுக்கும் சொல்லப்பட்டது. வித்தியாசம் நோக்கத்தில் இல்லை, முறையில்தான் இருக்கிறது.

நல்ல பங்காண்மையின் அடையாளங்கள்

2014 செப்ரெம்பரில் சிறு தீவு நாடுகளின் மூன்றாவது சர்வதேச மாநாடு சமோவாவின் தலைநகர் ஆப்பியாவில் நடந்தது. உண்மையானதும் நீடித்து நிற்பதுமான பங்காண்மை என்பதே அதன் தொனிப்பொருள். நான்காவது மாநாடு 2024 இல் அன்டிகுவா பர்புடாவில் நடந்தது. மாநாடுகள் தேவைதான். எனினும் 'உண்மையான' என்ற சொல்லுக்குப் பொருள் சேம்புத் தோட்டத்திலேயே கிடைக்கிறது. மேலே பார்த்தவற்றிலிருந்து நான்கு அடையாளங்களைச் சொல்லலாம்.

முதலாவது, விவசாயி உதவி பெறுபவராக மட்டும் இராமல் முடிவெடுப்பவராகவும் இருக்கவேண்டும். சமோவாவில் கிழங்கைச் சுவைத்துப் புள்ளியிட்டவர் அவரே. பயிரை நடுபவரும் நட்டத்தைத் தாங்குபவரும் அவர்தான் என்றால் தெரிவும் அவருடையதாக இருப்பதே நீதி.

இரண்டாவது, காலம் வேண்டும். நிதித் திட்டங்கள் பொதுவாகச் சில வருடங்களில் முடிந்துவிடும். மண்ணும் பயிரும் அந்தக் கலண்டரைப் பார்ப்பதில்லை. சமோவாவுக்கு 17 வருடங்கள் தேவைப்பட்டன. திட்டம் முடிந்தபின்னும் வேலையைத் தொடர்ந்து நடத்த உள்ளூரில் ஒரு சங்கமோ, பல்கலைக்கழகமோ, நாற்று நிலையமோ இருக்கவேண்டும். வாகனமும் பெயர்ப்பலகையும் மட்டும் எஞ்சும் திட்டங்கள் பங்காண்மை ஆகா.

மூன்றாவது, மண்ணின் ஓய்வுக்கும் ஒரு விலை உண்டு என்பதை எல்லோரும் ஏற்கவேண்டும். ஆறு மாத வருமானத்தை இழப்பவர் விவசாயி; காப்பாற்றப்படும் காட்டினாலும் கடலினாலும் பயன்பெறுவோர் எல்லோரும். அந்தச் சுமையில் ஒரு பங்கை அரசோ, வாங்குபவரோ, நிதி நிறுவனமோ ஏற்காவிட்டால் நல்ல ஆலோசனையும் ஏட்டுச் சுரைக்காயாகிவிடும்.

நான்காவது, ஒரு தீவின் பிரச்சினையைத் தனியே பார்க்கக்கூடாது. சமோவாவில் நோய் வந்தபோதே, தவெயூனியில் மண் என்னவாகும் என்று எவராவது கேட்டிருந்தால் ஒரு காடு தப்பியிருக்கலாம். தொட்டுத் தீவில் ஒரு கிணற்றுக்கும் மறு கிணற்றுக்கும் அடியில் ஒரே வில்லை இருப்பதுபோல, சந்தையின் அடியில் தீவுகள் ஒன்றோடொன்று தொடுத்தே இருக்கின்றன.

பேண்தகு நில முகாமைத்துவம் என்பதை நாம் பரீட்சைக்காக ஒரு வரைவிலக்கணமாக எழுதுகிறோம். அதன் உள்ளே இருப்பது ஓர் எளிய கேள்வி: இந்த மண்ணை யார் உழுகிறார்களோ அவர்களிடம் கேட்டோமா? எம்மில் சிலர் நாளை விவசாய விஞ்ஞானம் படிப்போம். சிலர் நிருவாக அதிகாரிகளாக வருவோம். சிலர் வங்கியில் கடன் விண்ணப்பங்களைப் பார்ப்போம். பலர் வீட்டுத் தோட்டத்தில் நாலு மரவள்ளியும் ஒரு பாத்தி கீரையும் நடுவோம். எந்த இடத்தில் இருந்தாலும் அந்தக் கேள்வியைக் கேட்க முடியும். அதைக் கேட்பதற்குப் பெரிய நிதி தேவையில்லை.

– உயர்தர கலைப்பிரிவு மாணவி